மகளே, அந்த ஆற்றில் பிளவு இல்லை

ஷாமினி,

உன் பை மூன்று நாளாகக் கூடத்தில் நிற்கிறது. போகும்போதும் வரும்போதும் நான் அதைச் சுற்றித்தான் நடக்கிறேன். திங்கட்கிழமை காலையில் நீ அதைத் தூக்கிக்கொண்டு குவாலா தாஹானுக்குப் போய், படகேறி, தாமான் நெகாரா காட்டுக்குள் போய்விடுவாய். அதற்கு முன்னால் உன்னிடம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இறுதியாண்டு ஆய்வுக்காக நீ தேடிப்போகிற நிலப்பிளவு அங்கே இல்லை. அந்தப் பழைய வரைபடத்தில் ஆற்றின் மேல் புள்ளி புள்ளியாகப் போட்டிருக்கும் கோடு பொய். அது உண்டானதற்குக் காரணம் நான்.

இதை நேரில் சொல்ல ஒரு மாதமாகப் பார்க்கிறேன். எனக்குப் பேச்சு வராது என்று உனக்குத் தெரியும். பல்கலைக்கழகத்திலும் என் குரலைக் கேட்டவர்கள் குறைவு. அதனால் எழுதுகிறேன். வேலையிடத்தில் மதியச் சாப்பாட்டு நேரம் இது. நீலாயில் அடுக்குமாடி கட்டப்போகிற மேட்டில் துளைபோட்டு எடுத்த கல் உருளைகள் என் முன்னால் பெட்டி பெட்டியாகக் கிடக்கின்றன. அவற்றின் நிறத்தையும் வெடிப்பையும் சாயங்காலத்துக்குள் குறித்துக் கொடுக்க வேண்டும். அதை ஒதுக்கி வைத்துவிட்டு உனக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன்.

யானைக்கும் அட்டைக்கும் பயந்துபோய்தான் அம்மா மூஞ்சியைத் தூக்கி வைத்திருக்கிறாள் என்று நீ அப்பாவிடம் சொன்னது என் காதில் விழுந்தது. யானை மேல் எனக்குப் பயம் கிடையாது. எனக்கு இருப்பது பொறாமை. அம்மாக்கள் எழுதக்கூடாத சொல் என்று தெரியும். ஆனால் உன் மேலும் அந்தப் பை மேலும் உன் புதுச் சப்பாத்து மேலும் எனக்கு இருப்பதற்கு வேறு பெயர் தேடிப் பார்த்துவிட்டேன். கிடைக்கவில்லை.

அந்தச் சப்பாத்தை வாங்கிக்கொண்டு நீயும் அப்பாவும் சிரம்பானிலிருந்து திரும்பிய அன்று, அப்பா உன்னைக் கூடத்தில் நடக்க வைத்துப் பார்த்தார். தரையில் உட்கார்ந்து உன் கால் முனையை அழுத்தினார். "வெரல் முட்டுதா பாரு. முட்டுச்சுன்னா எறக்கத்துல நகம் பேந்துரும்" என்றார். நான் அடுப்படியில் நின்று வெங்காயத்தைத் தேவைக்கு மேல் பொடியாக நறுக்கிக்கொண்டிருந்தேன். ஏனென்றால் இதே மனிதர், இதே காட்டுக்கு நான் கிளம்பியபோது என்ன சொன்னார் தெரியுமா? "கல்லப் பாக்க காட்டுக்குப் போவணுமா லா? நம்ம லாபு ரோட்டுலயே லோரி லோரியா கெடக்குதே!" அன்றைக்கு நான் யாரோ கொடுத்த பெரிய சப்பாத்தின் முனையில் காகிதம் திணித்துக்கொண்டு போனேன். உன் அப்பா மாறிவிட்டார். நல்ல மாற்றம்தான். அது எனக்காக நடக்கவில்லை என்பதுதான் எனக்கு ஆறவில்லை.

போன மாதம் ஒரு காலையில் நான் தோசை சுட்டுக்கொண்டிருந்தபோது ஓடி வந்தாயே, நினைவிருக்கிறதா? "மா, தாஹான் மலை கருங்கல் இல்லையாம் மா. மணலாம்! ஆத்து மணல்! கிளாஸ்ல டாக்டர் வதனி சொன்னாங்க."

"தெரியும்" என்றேன்.

"எப்பிடித் தெரியும்?"

"நானும் அதத்தானே படிச்சேன்."

"அட, ஆமா லா! மறந்தே போச்சு" என்று சிரித்துவிட்டு நீ தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாய். என் பட்டமளிப்புப் படம் உன் தலைக்கு மேல்தான் மாட்டியிருந்தது. அதற்குக் கீழே உட்கார்ந்துதான் நீ சாப்பிட்டாய்.

உனக்கு எட்டு வயதிருக்கும்போது, லாபு செம்பனைத் தோட்டத்துக்குப் புது ரோடு வெட்டினார்கள். வெட்டிய மேட்டின் முகத்தில் சிவப்பும் வெள்ளையுமாக வரிகள் தெரிந்தன. மோட்டார் சைக்கிளை நிறுத்தி, உன் விரலைப் பிடித்து, ஒவ்வொரு வரியாகத் தொடவைத்து, கீழே இருப்பது பழையது, மேலே இருப்பது பிந்தியது என்று சொல்லிக்கொடுத்தவள் நான். "கேக் மாதிரி இருக்கு மா" என்றாய். இப்போது கேட்டால், பாறையை முதலில் படிக்கக் கற்றுக்கொடுத்தது உன் ஆய்வுக்கு வழிகாட்டும் டாக்டர் வதனி என்பாய். அவர் பெயரைக் காலையில் சொல்கிறாய், குளித்துவிட்டு வந்து சொல்கிறாய், தலையைத் துவட்டிக்கொண்டே சொல்கிறாய். "நீங்க ஒரே யூனிவர்சிட்டிதானே, அவுங்கள உங்களுக்குத் தெரியாதா?" என்று ஒரு தடவை கேட்டாய். "பாத்திருப்பேன், ஞாபகம் இல்ல" என்றேன். நான் சொன்ன பொய்களில் அது சின்னது. வதனியும் நானும் ஒரே வகுப்பு. அந்த வரைபடத்தின் ஆற்றுக்கு வடகரையை அளந்தவள் அவள். தென்கரையை அளந்தவள் நான்.

எங்கள் தோட்டத்திலிருந்து முதலில் பல்கலைக்கழகம் போனது நான்தான். மூன்றாம் ஆண்டு விடுமுறையில் எனக்குக் கல்யாணம் செய்து வைத்தார்கள். "படிப்ப நிறுத்தச் சொல்லல. கழுத்துல ஒண்ணு ஏறிட்டா பேசுறவன் வாய் அடைஞ்சிரும். அப்புறம் நீ எந்தக் காட்டுக்கு வேணாலும் போ" என்றார் என் அப்பா. அவர் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டி என்னைப் படிக்க வைத்தவர். அவர் பயம் அவருக்கு. கல்யாணத்துக்கு மறுநாள் உன் பெரிய அத்தை என் தாலிச் சரட்டில் ஐந்து ஊக்குகளைக் கோத்துவிட்டார், எல்லாம் பெரிய இரும்பு ஊக்கு. "ஊக்கு இல்லாம பொம்பள வெளிய போவக்கூடாதும்மா. எப்ப எது அறுந்து தொலையும்னு யாரு கண்டா?" நம் பெண்கள் எல்லோரும் செய்வதுதான். நானும் அப்படியே திரும்பிப் போனேன். வகுப்பில் என்னைப் 'புவான்' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். கல்யாணமான பெண்ணை மலாய் மொழியில் மரியாதையாகக் கூப்பிடும் சொல் அது. அவர்கள் மரியாதைக்காகக் கூப்பிடவில்லை. நான் தாலியைச் சட்டைக்குள் போட்டு, கழுத்துப் பொத்தானைப் போட்டு மறைத்துக்கொண்டேன்.

வதனி சிரம்பான்காரி. யாழ்ப்பாணத்துக் குடும்பம். தாத்தா ஒரு தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி, அப்பா டாக்டர். என் தாத்தா அப்படி ஒரு கிராணிக்கு முன்னால் தலைப்பாகையைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றவர். இதை அவளிடம் நான் சொன்னதில்லை. அவளுக்குத் தெரிந்திருந்தால் வருத்தப்பட்டிருப்பாள், அதுதான் அவளிடம் எனக்குப் பிடிக்காதது. எல்லோரிடமும் கேள்வி கேட்பாள். தெரியாது என்று சத்தமாகச் சொல்வாள். எனக்கு 'தெரியாது' என்ற சொல்லை வாயில் எடுக்கவே கை வேர்க்கும்.

தாமான் நெகாராவுக்குள் மூன்று வாரம் இருந்தோம். அந்த நாட்களை இப்போது நினைத்தாலும் எனக்கு நெஞ்சு நிறைகிறது. நம் நெகிரி செம்பிலான் குன்றுகள் பூமிக்குள் ஆழத்தில் உருகிக் கிடந்து ஆறிய கருங்கல். கோலா பிலா போகும் வழியில் உருண்டை உருண்டையாகக் கிடக்கிறதே, அது. தாஹான் மலைப் பக்கம் வேறு கதை. டைனசோர்கள் இருந்த காலத்தில் அங்கே ஆறுகள் ஓடின. அவை மணலையும் கூழாங்கல்லையும் சிவப்புச் சேற்றையும் மாற்றி மாற்றிப் பரப்பிவிட்டுப் போயின. அவை புதைந்து, இறுகி, கல்லாகி, பிறகு இரண்டு பக்கமும் நெருக்கப்பட்டுச் சாய்ந்து மேலே எழும்பின. இப்போது வேறொரு ஆறு அதே கல்லை அறுத்துக்கொண்டு ஓடுகிறது. ஒரு பாறைத் தட்டில் அந்தப் பழைய ஆற்றின் அலைவரிகள் அப்படியே இருந்தன. நான் சப்பாத்தைக் கழற்றிவிட்டு அதன் மேல் நின்றேன். இவ்வளவு பெரிய ஒன்றுக்குள் என்னை யாரும் விட்டது அதற்கு முன்னால் கிடையாது, பின்னாலும் கிடையாது. நீ அங்கே நிற்கப்போகிறாய். பை மேல் எனக்கு ஏன் கோபம் என்று இப்போது புரிகிறதா?

அளப்பது எப்படி என்று உனக்குத் தெரியும். இந்தக் கடிதத்தை வேறு யாராவது படித்தால் புரியட்டும் என்று எழுதுகிறேன். பாறை அடுக்கு எந்தத் திசையில் சாய்ந்திருக்கிறது என்பதைக் குனிந்து, திசைகாட்டியை அதன்மேல் வைத்துப் படிப்போம். ஆற்றின் இரண்டு கரையிலும் ஒரே திசை வந்தால் அடுக்கு தொடர்கிறது, ஆறு அதை வெட்டிக்கொண்டு போகிறது, அவ்வளவுதான். திசை மாறி வந்தால், ஆற்றின் அடியில் நிலம் உடைந்து ஒரு பக்கம் நகர்ந்திருக்கலாம். ஆறுகள் அப்படிப்பட்ட பிளவு வழியாக ஓடுவது வழக்கம்தான். எங்கள் இருவரின் எண்களுக்கும் நடுவில் பதினைந்து பாகை வித்தியாசம் வந்தது.

வதனி ஒத்துக்கொள்ளவில்லை. "நான் தண்ணி வத்தின நேரம் நடந்து அந்தக் கரைக்குப் போய்ப் பாத்தனான். ஒரே அடுக்குத்தான் இங்கையும் அங்கையும். நீர் ஒருக்கா என்னோட வாரும், ரெண்டு பேரும் சேர்ந்து அளப்பம்" என்றாள். தலை வலிக்கிறது என்று சொன்னேன். எங்கள் பேராசிரியர், அவர் இப்போது உயிரோடு இல்லை, இரண்டு குறிப்பேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். வதனியுடையது மழையில் ஊறி, கோழி கிளறியது போல இருந்தது. எண்கள் அங்கும் இங்குமாகச் சிதறியிருந்தன. நிஜப் பாறையின் எண்கள் அப்படித்தான் இருக்கும். என்னுடையது அச்சுப் போல. "இந்தப் பெண்ணின் அளவுகள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன பாருங்கள்" என்று எல்லோருக்கும் காட்டினார். அந்த மூன்று வாரத்தில் யாரும் என்னைப் புவான் என்று கூப்பிடாத ஒரே மாலை அதுதான்.

கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்னால் உள்ளங்கையில் பிரம்பு முள் ஏறிவிட்டது. ஆற்றங்கரையில் தனியாக உட்கார்ந்து, சரட்டிலிருந்து ஓர் ஊக்கைக் கழற்றி முள்ளை எடுத்தேன். ஊக்கைக் கல்லில் வைத்தேன். பக்கத்தில் திசைகாட்டி இருந்தது. அதன் காந்த முள் மெதுவாகத் திரும்பி ஊக்கைப் பார்த்தது. ஊக்கைச் சற்று நகர்த்தினேன், அதுவும் கூடவே திரும்பியது. எனக்குக் கிட்டப்பார்வை. காட்டு ஈரத்தில் கண்ணாடி மங்கிவிடும், அதனால் எண்ணைப் படிக்க மூக்கு முட்டும் அளவுக்குக் குனிவேன். குனியும்போதெல்லாம் சட்டைக்குள் அந்த ஐந்து ஊக்கும் தொங்கி, திசைகாட்டிக்கு நேர் மேலே வந்து நின்றிருக்கின்றன. ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி. என் எண்கள் ஒத்துப்போனதற்கு அதுதான் காரணம்.

எழுந்து போய்ச் சொல்லியிருக்கலாம். பேராசிரியர் கூடாரம் இருபது எட்டு வைக்கும் தூரத்தில் இருந்தது. ஆனால் என்னவென்று சொல்வது? தாலி ஊக்கால் தப்பு வந்துவிட்டது என்று, கல்யாணமே ஆகாத அத்தனை பேருக்கு நடுவில், சட்டையைத் திறந்து காட்டியா? அதைவிட, வதனி சொன்னது சரி என்று சொல்ல வேண்டியிருந்தது. ஊக்கைத் திரும்பச் சரட்டில் மாட்டிக்கொண்டேன். ஊர் திரும்பியதும் என் வரைபடத்தில் ஆற்றின் மேல் அழகாகப் புள்ளிக்கோடு போட்டேன். வதனி போட மாட்டேன் என்றாள். எனக்கு வகுப்பிலேயே அதிக மதிப்பெண் கிடைத்தது. அவளுக்குக் கிடைத்தது கடைசிக்கு முந்தியது. பேராசிரியர் எல்லாருடைய அளவுகளையும் சேர்த்துப் பெரிய வரைபடம் வரைந்தபோது என் கோடும் அதில் ஏறியது.

என் வாயடைப்பை எல்லோரும் பணிவு என்று எடுத்துக்கொண்டார்கள். நானும் அப்படியே விட்டுவிட்டேன். ஷாமினி, உனக்கும் அந்தக் கூச்சம் இருக்கிறது. அதை யாராவது புகழ்ந்தால் கொஞ்சம் உஷாராக இரு. அவ்வளவுதான் புத்திமதி.

அதன்பிறகு நீ பிறந்தாய். நான் மேற்படிப்புக்கு எழுதிப்போடவில்லை. வதனி வெளிநாடு போனாள், டாக்டரானாள், திரும்பி வந்தாள். எங்கேயாவது அவள் பெயரைப் பார்த்தால் அன்று முழுவதும் வீட்டில் எல்லோர் மேலும் எரிந்து விழுவேன். திருடியவள் நான், கோபமும் எனக்கே. இப்படியும் ஒரு மனுஷி இருப்பாளா என்று கேட்காதே, இருக்கிறாள், உனக்குச் சோறு போட்டு வளர்த்திருக்கிறாள்.

பிறகு நீ அந்த வரைபடத்தைச் சாப்பாட்டு மேசையில் விரித்தாய். "மா, இங்க பாருங்க, ஒரு ஃபால்ட். இத்தன வருஷமா யாருமே போயி செக் பண்ணலயாம். நான் எடுத்துக்கிட்டேன்!" உன் விரல் நான் போட்ட பிளவுக்கோட்டின் மேல் இருந்தது. அப்போது எனக்கு என்ன தோன்றியது என்பதை மறைக்கப் போவதில்லை. முதலில் பயம் வந்தது. அடுத்ததாக ஒரு சின்ன சந்தோஷம். போகட்டும், தேடட்டும், ஒன்றும் கிடைக்காமல் வரட்டும், அவளுடைய டாக்டர் கொடுத்த தலைப்பின் லட்சணம் அப்போது தெரியும் என்று நினைத்தேன். நீ தோற்றால் வதனி தோற்பாள் என்று ஒரு கணம், உன்னைப் பெற்ற நானே கணக்குப் போட்டேன். அந்தக் கணத்துக்காகத்தான் ஒரு மாதமாக உன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

போன சனிக்கிழமை நீயும் அப்பாவும் காய்கறி வாங்கப் பாசாருக்குப் போயிருந்தபோது வதனியைப் போனில் கூப்பிட்டேன். "வணக்கம் டாக்டர், நான் ஷாமினியோட அம்மா பேசுறேன்."

அவள் கேட்டாள்: "ஷாமினியின்ர அம்மா எண்டு ஏன் சொல்லுறீர்? உம்மட பேரைச் சொல்லுமன். பிள்ளையின்ர குறிப்பேட்டைப் பாத்த அண்டைக்கே எனக்கு விளங்கிட்டுது. அப்பிடியே உம்மட எழுத்து."

ஊக்குக் கதையைச் சொன்னேன். முடித்ததும் சிரித்தாள். அந்தச் சிரிப்பில் எங்கேயாவது குத்தல் இருக்கிறதா என்று தேடினேன். இல்லை. அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை. "ஊக்கே? ஐயோ, இவ்வளவு காலமும் என்ர கம்பாஸ்தான் பிழையோ எண்டு யோசிச்சுக்கொண்டு இருந்தனான். ஒவ்வொரு வருசமும் அதை ரெண்டு தரம் சரிபாக்கிறனான், தெரியுமே?" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

பிறகு சொன்னாள்: "பிள்ளைக்கு இப்ப சொல்ல வேண்டாம். அவ போய்த் தானே அளக்கட்டும். கோடு இல்லையெண்டு தானே கண்டுபிடிச்சா அதுதான் ஆய்வு. வந்த பிறகு மிச்சத்தை நான் பக்குவமாச் சொல்லுறன்." சரி என்றேன். அவள் சொன்னது சரிதான். விடை தெரிந்துகொண்டு அளப்பவளின் கை அந்த விடையை நோக்கித்தான் போகும்.

அப்படியிருந்தும் ஐந்து நாளாக யோசித்து, இன்று சொல்லிவிட்டேன். ஒரு காரணம் உனக்காக. நீ என் மகள். அச்சில் ஒன்று இருந்து, உன் கையில் வேறொன்று வந்தால், அச்சைத்தான் நம்புவாய். அத்தனை பேரிடமும் வாய் திறந்து கேட்கக்கூடிய வதனியே இருபத்து மூன்று வருஷம் தன் திசைகாட்டியைச் சந்தேகப்பட்டிருக்கிறாள். நீ என்ன பாடு படுவாய் என்று எனக்குத் தெரியும். ஓர் இரவு கூடாரத்தில் உட்கார்ந்து எண்களைக் கொஞ்சம் திருத்திவிடுவாய். இன்னொரு காரணம் எனக்காக. அவள் உன்னை உட்காரவைத்துப் பக்குவமாக, என்னைக் காட்டிக்கொடுக்காத சொற்களைத் தேடித் தேடி, என் தப்பை உனக்கு விளக்குவதை என்னால் தாங்க முடியாது. ஆற்று மணல் மலையானதை அவள் சொல்லி நீ தெரிந்துகொண்டாய். இதையாவது நான் சொல்லி நீ தெரிந்துகொள்.

தலைப்பை மாற்ற வேண்டும் என்று தோன்றினால் திங்கட்கிழமைக்குள் டாக்டரைக் கூப்பிடு. நான் சொல்லிவிட்டேன் என்பதையும் அவளிடம் சொல்லு, கோபப்படட்டும். போவதாக இருந்தால், இரண்டு கரையையும் நீயே அள. கூட வருகிற பிள்ளையிடம் இந்தக் கடிதத்தைப் பற்றிப் பேசாமல், அவளையும் தனியாக அளக்கச் சொல். அவள் எண்களை நீ பார்க்காதே, உன் எண்களை அவளுக்குக் காட்டாதே. உன்னால் என்னை நம்பாமலும் அளக்க முடிந்தால் நல்லது. இத்தனை வருஷத்துக்குப் பிறகு அங்கே உண்மையாகவே ஒரு பிளவு கிடைத்தால், முதலில் என்னைக் கூப்பிட்டுச் சொல்.

அந்த வரைபடத்தில் மாணவர்களின் பெயர் எதுவும் கிடையாது, நீயே பார்த்திருப்பாய். ஆய்வேட்டை எழுதும்போது நன்றி சொல்கிற பக்கத்தில் டாக்டர் வதனியின் பெயரை முதலில் போடு, அது முறை. அப்பா சப்பாத்து வாங்கிக்கொடுத்தார், அவரையும் போடு. உள்ளே ஓரிடத்தில், தென்கரையின் பழைய அளவுகள் ஏன் தவறு, அவற்றை எடுத்தது யார் என்று ஒரு வரி எழுத வேண்டியிருக்கும். அங்கே என் முழுப் பெயரை, என் அப்பா பெயரோடு சேர்த்து எழுது. அந்த வரியில் வேறு யாரையும் சேர்க்காதே.

அம்மா